மொட்டைமாடி மல்லிகை: கவாத்து முதல் சரம் வரை

என் மொட்டைமாடியில் வைத்த முதல் மல்லிகைச் செடி இரண்டு வருடம் பூக்கவே இல்லை. செடிக்கு நோய் எதுவும் கிடையாது. தொட்டியைத் தாண்டிக் கொடி வழிந்தது. இலை கரும்பச்சையாகப் பளபளத்தது. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். சென்னை வெயில் சுட்டுவிடுமே என்று பச்சை நிழல்வலைக்குக் கீழே வைத்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் செடியைப் பாராட்டினார்கள். தலையில் வைக்க மட்டும் ஒரு பூ கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு கார்த்திகையில் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பக்கம் மாமியார் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே தோட்டத்தில் இடுப்பளவு நின்ற மல்லிகைச் செடிகளை வரிசையாக முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கிளைகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. பதறிப்போய்க் கேட்டேன். என் சின்ன மாமனார் குனிந்தபடியே, “பழைய குச்சியில் பூ எங்கேம்மா வரும்? புதுத் துளிர் நுனியில்தானே வரும்” என்றார்.

மல்லிகை வளர்ப்பில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் அந்த ஒரு பதிலிலிருந்து கிளைத்தவைதான். மல்லிகை, புதிதாகத் துளிர்த்த கிளையின் நுனியில் மொட்டு வைக்கிற செடி. எத்தனை முறை புதுத் துளிர் வருகிறதோ அத்தனை முறை பூ வரும். வெட்டுவது, உரம் வைப்பது, தண்ணீர் விடுவது எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், எதை எப்போது செய்வது என்பது தானாகவே விளங்கும். இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் குண்டுமல்லியைப் பற்றி. முல்லைக்கும் பிச்சிக்கும் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கன்றும் தொட்டியும்

குண்டுமல்லிக் கன்று என்றால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கன்றுக்குத் தனி மதிப்பு உண்டு. தங்கச்சிமடம் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் பதியன் போட்டு வேர் பிடிக்கவைத்த கன்றுகள்தான் மதுரை, திண்டுக்கல் தோட்டங்களுக்குப் போகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தாய்வீடு அந்த மணல் என்று சொல்லலாம். நாற்றுப்பண்ணையில் வாங்கும்போது பூத்துக் குலுங்குகிற கன்றைத் தேடாதீர்கள். அடியில் இரண்டு மூன்று கிளை பிரிந்து, பென்சில் கனத்தில் தண்டு இருக்கிற கன்றே நல்லது. ஒற்றைக் கொடியாக நீண்ட கன்று பிறகு எவ்வளவு வெட்டினாலும் அடியில் கிளைக்க வெகுநாள் எடுக்கும்.

தொட்டி குறைந்தது பதினாறு அங்குல அகலமும் அதே அளவு ஆழமும் இருக்கட்டும். செம்மண், ஆற்று மணல், நன்றாக மட்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தென்னைநார்க் கழிவை மட்டுமே நிரப்பி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மாடியில் பாரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மல்லிகை பதினைந்து வருடம் வாழக்கூடிய புதர். அதன் வேருக்குப் பிடிப்பு வேண்டும். நான் கால் பங்குக்கு மேல் நார்க்கழிவு சேர்ப்பதில்லை. தொட்டியின் அடித்துளையை ஓட்டுச்சில்லால் மூடி, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் துளை தரையோடு ஒட்டி அடைத்துக்கொண்டால், வேர் அழுகிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

வெயில்

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் மற்ற எந்தப் படியும் பயன் தராது. நான் செய்த முதல் திருத்தம் நிழல்வலையைக் கழற்றியதுதான். சித்திரை வெயிலில்கூட மல்லிகை வாடாது. தொட்டியின் பக்கச்சுவர் சூடேறி வேர் வேகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குத் தொட்டிகளை நெருக்கி வைத்து, மேற்கு வெயில் படும் பக்கத்தில் ஒரு பழைய சாக்கைச் சுற்றிவிடுகிறேன். மேல்மண்ணில் காய்ந்த சருகை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரமும் நிற்கும்.

கவாத்து: கார்த்திகை தீபத்தை ஒட்டி

வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியைக் கவாத்து செய்ய வேண்டும், அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட வேண்டும். தரையில் வளரும் செடியை மண்ணிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தொட்டிச் செடிக்கு ஒரு அடி முதல் ஒன்றேகால் அடி வரை போதும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். அவை இரண்டையும் 45 செ.மீ. உயரத்தில் வெட்டுகிறார்கள்.

ஏன் அந்தச் சமயம்? இரவு குளிரத் தொடங்கியதும் குண்டுமல்லி மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். மார்கழியிலும் தையிலும் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை விலை ஏறுவதற்குப் பனியும் இந்த ஓய்வும்தான் காரணம். செடி ஓயும் நேரத்தில் வெட்டிவிட்டால் தையில் துளிர்த்து, மாசியில் மொட்டெடுத்து, பங்குனி முதல் ஆனி வரை பூத்துக்கொண்டே இருக்கும்.

செய்முறை இது. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, கடைசி மூன்று நான்கு நாள் அறவே நிறுத்துங்கள். இலை சற்றுத் தளரும், பயப்பட வேண்டாம். கவாத்துக் கத்தரியைத் தீட்டி, மருத்துவமனையில் பயன்படுத்தும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் பூஞ்சணம் ஏறும்.

முதலில் காய்ந்த குச்சிகள், பிறகு உட்புறமாக வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகள், அதன்பின் துடைப்பக் குச்சி போல் மெலிந்த கிளைகள். இவற்றை அடியோடு எடுங்கள். மிஞ்சும் தடித்த கிளைகளைத்தான் உயரம் பார்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டும் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக இருக்கட்டும். அந்தக் கணுவிலிருந்து வரும் துளிர் வெளிநோக்கிப் போகும். செடியின் நடுவே காற்றும் வெயிலும் புகும். ஐந்து முதல் எட்டுக் கிளை நின்றால் போதும்.

பிறகு மிச்சமிருக்கும் இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுங்கள். முதல் முறை இதைச் செய்யும்போது எனக்குக் கை நடுங்கியது. மொட்டைக் குச்சிகளைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பழைய இலையின் அடியில்தான் சிலந்திப் பூச்சியும் செதில் பூச்சியும் அடுத்த பருவத்துக்குத் தங்கும். இலையை உருவினால் எல்லாக் கணுக்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழிக்கும். சுண்டுவிரலைவிடத் தடித்த வெட்டுகளில் மட்டும் போர்டோப் பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தேதி கல்வெட்டு ஆகாது. சென்னையிலும் கடலூர், நாகை போன்ற கடலோர மாவட்டங்களிலும் நவம்பர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. வானிலை அறிக்கை புயல் என்றால் கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். வெட்டுக்காயத்தோடு நாலைந்து நாள் தொடர்ந்து நனைந்த செடி நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழிறங்கும். டிசம்பர் நடுவில் வெயில் தெளிந்த பிறகு வெட்டினாலும் முதல் பூ இரண்டு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வெட்டிய குச்சிகளை வீசாதீர்கள். பென்சில் கனத்தில் மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். எல்லாம் பிழைக்காது. பிழைத்தவற்றை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம்.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை, கவாத்து செய்த அன்றே தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்துவிடுகிறேன். தொட்டிச் சுவரை ஒட்டி வேர்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். அவற்றை ஒரு அங்குலம் சீவி எடுத்து, புது மண் போட்டு மறுபடி நடவேண்டும். ‘முன்பெல்லாம் நன்றாகப் பூத்தது, இப்போது இல்லை’ என்று சொல்லப்படும் பல தொட்டிச் செடிகளுக்கு இந்த வேர்ச்சிறைதான் காரணம்.

உரம்: இலைக்கா, பூவுக்கா?

கவாத்துக்குப் பின் மேல்மண்ணைக் கொத்தி, வேருக்குச் சேதம் இல்லாமல் இரண்டு அங்குலம் மண்ணை அகற்றி, நாலைந்து நாள் வெயில் காட்டுங்கள். அதன்பிறகுதான் உரம்.

தரையில் உள்ள ஒரு மல்லிகைச் செடிக்குப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவைப் பாருங்கள்: தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) 120 கிராம். இந்தப் பேரூட்டங்களை இரண்டாகப் பிரித்து, கவாத்து செய்ததும் ஒரு பாதி, ஜூன்-ஜூலையில் மறு பாதி இடவேண்டும். தழைச்சத்து மற்ற இரண்டிலும் சரிபாதிதான். நான் வாரம் தவறாமல் ஊற்றிய கடலைப் புண்ணாக்குக் கரைசல் பெரும்பாலும் தழைச்சத்து. செடி தனக்குக் கிடைத்ததை வைத்து இலை போட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தொட்டிக்கு நான் வைப்பது இவ்வளவுதான். கவாத்து முடிந்ததும் அகற்றிய மேல்மண்ணுக்குப் பதிலாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். அதோடு இரண்டு மேசைக்கரண்டி எலும்புத் தூள், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. துளிர் வரும் முதல் மாதம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் இரண்டே முறை: ஒரு கைப்பிடிப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவேன். துளிர் ஒரு சாண் நீண்டதும் புண்ணாக்கை நிறுத்திவிடுவேன். அதன்பின் மாதம் ஒரு முறை அரைத் தேக்கரண்டி சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல் சத்து உரம்), தண்டிலிருந்து விலக்கித் தொட்டி ஓரமாகத் தூவி, உடனே தண்ணீர். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் வாழைப்பழத் தோலை மட்கவைத்துச் சேர்க்கலாம். பச்சைத் தோலை அப்படியே புதைத்தால் எறும்பும் ஈயும்தான் வரும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் கலந்து தெளிப்பது துளிருக்கு நல்ல ஊக்கம் தருவதை என் செடிகளில் கண்டிருக்கிறேன்.

அடுப்புச் சாம்பல் விஷயத்தில் நிதானம் வேண்டும். சாம்பல் சத்து அதில் உண்டு என்பது சரி; ஆனால் அது காரத்தன்மை உள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றுகிறவர்களின் மண் ஏற்கனவே காரமாகத்தான் இருக்கும். அதில் சாம்பலும் சேர்ந்தால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடிக்கு எட்டாது.

இதை இலையே சொல்லிவிடும். இளந்துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புப் பற்றாக்குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மொத்தமாக வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மஞ்சள் கண்டாலே யூரியா போடுவது வீட்டுத் தோட்டங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. இரும்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும்.

தண்ணீர்

விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் இது தினமும் ஒரு முறை என்று ஆகும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறைகூட ஆகாது. கடுகளவு மொட்டு தெரிந்த நாளிலிருந்து பறித்து முடியும்வரை மட்டும் மண்ணை முழுதாகக் காயவிடக் கூடாது. ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மொட்டுகள் காம்போடு உதிரும்.

மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது உங்கள் கிணற்று நீரின் கணக்கு. மழை பெய்யும்போது தொட்டியை நன்றாக நனையவிட்டு உப்பைக் கழுவிப் போகவிடுங்கள். கோடையில் வாரம் ஒரு முறை அரிசி கழுவிய நீரோ சேமித்த மழைநீரோ கிடைத்தால் அதுவே நல்லது. மாலையில் செடியின் தலைமேல் தண்ணீர் தெளிப்பதைத் தவிருங்கள். அன்றிரவு விரியப்போகும் மொட்டில் நீர் தங்கினால் இதழ் ஓரம் பழுப்பாகிவிடும்.

ஒரு அலை முடிந்ததும்

இந்தப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. கார்த்திகையில் கவாத்து செய்கிறவர்கள்கூடப் பங்குனியில் ஒரு முறை நன்றாகப் பூத்ததும், செடி அடுத்து எப்போது மனம் வைக்கும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியதில்லை.

குண்டுமல்லிக் கொத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று மொட்டு இருக்கும்: நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று. நடுமொட்டு முதலில் முதிரும். இரண்டொரு நாளில் மற்ற இரண்டும் தொடரும். மூன்றும் பறித்தாகிவிட்டால் அந்த நுனியின் வேலை முடிந்தது. அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு நகத்தாலோ கத்தரியாலோ கிள்ளிவிடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் துளிர் கிளம்பும். ஒரு நுனி இரண்டாகும், அடுத்து நான்காகும். கிள்ளிய நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து ஆறு வாரத்தில் அந்தத் துளிர்களில் மொட்டு நிற்கும்.

என்னிடம் இப்போது ஆறு தொட்டி இருக்கின்றன. மூன்றை ஒரு வாரமும் மற்ற மூன்றை இரண்டு வாரம் தள்ளியும் கிள்ளுகிறேன். ஒரே நாளில் இருநூறு பூ வந்து மறுநாள் ஒன்றும் இல்லாமல் போவதைவிட, கோடை முழுக்க அம்மனுக்கும் தலைக்கும் போதுமான அளவு தினமும் கிடைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நாள்காட்டியில் கிள்ளிய தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த கொண்டாட்டத்துக்குப் பூ வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பாகக் கணக்குப் போட்டுக் கிள்ளலாம்.

மொட்டில்லாமல் நீளமாக ஓடும் கொடிகளும் நடுநடுவே வரும். அவற்றை அரை அடியில் வெட்டிவிடுங்கள். ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு செடி தளர்ந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மல்லிகையோடு மற்ற செடியும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. ரோஜாவில் வாடிய பூவை, அதற்குக் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு மேல் வெட்டுங்கள். செண்டுமல்லி, சங்குப்பூ, ஜினியா போன்றவை விதை பிடித்துவிட்டால் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வாடியதையும் காயையும் உடனுக்குடன் எடுங்கள். செவ்வந்தி, பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். மாடி விளக்கோ தெருவிளக்கோ இரவெல்லாம் அதன்மேல் எரிந்தால் உரம் எவ்வளவு வைத்தாலும் பயனில்லை. தொட்டியை இருட்டான மூலைக்கு நகர்த்துங்கள். செம்பருத்தியின் ஒரு பூ ஒரு நாள்தான். அதை நீட்டிக்க வழி தேடாமல் செடியை நல்ல வெயிலில் வையுங்கள்.

மொட்டு கெட்டால்

மொட்டில் வட்டமாகத் துளை, உள்ளே கழிவு, பக்கத்து மொட்டுகளோடு நூலாம்படை: இது மொட்டுப்புழு. துளை எதுவும் தெரியாமல், மொட்டின் அடிப்பகுதி வீங்கி, இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிறம் மாறி, விரியாமலே காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. ஈயின் புழு மொட்டுக்குள்ளே தின்று வளர்ந்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே செடியில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. கெட்ட மொட்டுகளையும் உதிர்ந்தவற்றையும் தினமும் பொறுக்கி, மூடிய பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குப்பைக் குழியில் போட்டால் ஈ அங்கிருந்தே திரும்பி வரும். மேல்மண்ணை வாரம் ஒரு முறை கிளறி வேப்பம் புண்ணாக்குத் தூவுங்கள். மொட்டு கடுகளவில் இருக்கும்போதே, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள். அன்றைய பூவைப் பறித்த பிறகே தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் சரத்தில் வேப்பெண்ணெய்தான் மணக்கும்.

கோடையில் இலையின் மேல் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்புறத்தில் படும்படி காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே பாதி போய்விடும்.

வீட்டு மல்லிகைக்குக் கடுமையான பூச்சிமருந்து வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இந்தப் பூவை நாம் முகர்கிறோம். குழந்தையின் தலையில் வைக்கிறோம். அது இரவு முழுதும் தலையணையில் கிடக்கிறது. பத்து மொட்டு வீணாவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பறிக்கும் நேரம்

அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் நம் மொழியில் பெயர் உண்டு. சரம் கட்டுகிறவர்களுக்கு வேண்டியது ‘போது’, அதாவது விரியும் தறுவாயில் உள்ள மொட்டு. விரிந்தபின் பறித்தால் மணத்தில் பாதி மாடியிலேயே போய்விட்டிருக்கும்.

தோட்டங்களில் சூரியன் எழுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். குளிர்ச்சியில் பறித்த மொட்டில் நீர் நிறைந்திருக்கும். நிலக்கோட்டையிலிருந்து கிளம்பி வெகுதூரம் போனாலும் அன்று மாலைவரை தாங்கும். வீட்டுக்கு அவ்வளவு முன்னதாக வேண்டாம். கோடையில் மாலை நான்கு ஐந்து மணிக்குப் பறித்துக் கட்டினால், ஏழு மணிக்குமேல் தலையிலேயே விரியும்.

எந்த மொட்டு இன்று விரியும் என்று பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். முந்தைய நாள் பச்சை கலந்து ஒல்லியாக இருந்த மொட்டு, விரியும் நாளில் மதியத்துக்குள் பால்வெள்ளையாகி நுனி உப்பியிருக்கும். பச்சைச் சாயல் மிஞ்சியிருப்பதைப் பறிக்காதீர்கள். அது சரத்தில் விரியாமலே சுருங்கும். காம்புக் குழலோடு சேர்த்துப் புல்லிவட்டத்துக்கு (மொட்டின் அடியிலுள்ள பச்சை வட்டம்) கீழே நகத்தால் கிள்ளுங்கள். இதழை விரலால் அழுத்தினால் அந்த இடம் ஒரு மணி நேரத்தில் பழுப்பாகும். பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் ஓலைப்பெட்டியிலோ அகலமான கிண்ணத்திலோ போடுங்கள்.

வாடாமல் வைப்பது

பறித்த மல்லிகையைக் கெடுப்பவை மூன்று: சூடு, உலர்ந்த காற்று, இதழ்மேல் நேராகப் படும் தண்ணீர். மூன்றாவதைத்தான் நாம் அன்போடு செய்கிறோம். பூவைத் தண்ணீரில் அலசி எடுத்து வைத்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். மறுநாள் காலையில் இதழ் கண்ணாடி போலாகி அழுகத் தொடங்கும். ஈரம் பூவைச் சுற்றி இருக்க வேண்டும், பூவின்மேல் இருக்கக் கூடாது.

சரம் கட்ட வாழைநாரைப் பயன்படுத்துங்கள். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறிய நார், கட்டிய பிறகும் காம்புகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பருத்தி நூலில் கட்டிய சரம் அதே நாளில் சீக்கிரம் துவண்டுவிடுவதைப் பக்கத்தில் வைத்தே பார்த்திருக்கிறேன். மொட்டுகளை இறுக்கிக் கட்டுங்கள்; ஆனால் நார் இதழில் படாமல் காம்பில் மட்டும் நிற்கட்டும்.

இரவுக்குள் வைக்கப்போவதில்லை என்றால், சரத்தை வாழையிலையில் சுருட்டி, அதன்மேல் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைநிலைப் பகுதிக்குப் பக்கத்தில் வைத்தால் மொட்டு கருகும். உதிரி மொட்டையும் இப்படியே வைக்கலாம். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மணம் குறையும்.

அந்தத் தட்டில் வாழைப்பழமோ மாம்பழமோ இருந்தால் எடுத்துவிடுங்கள். பழுக்கிற பழங்கள் விடும் எத்திலீன் வாயு பூவை வேகமாக முதுமையடையச் செய்யும். கோடையில் மாம்பழமும் மல்லிகையும் ஒரே சமயத்தில் வீட்டுக்குள் வருவதால் இந்தத் தவறு எளிதில் நடந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்புக்கு முந்தைய நாள் கட்டி வைத்த பத்து முழம், பங்கனபள்ளிக் கூடையோடு ஒரே தட்டில் இருந்து, காலையில் எடுத்தபோது பாதி மொட்டு வாயைத் திறந்து பழுத்துக் கிடந்தது.

டப்பாவிலிருந்து எடுத்ததும் உடனே தலையில் வைக்காமல், வாழையிலையிலேயே பதினைந்து நிமிடம் அறையில் விடுங்கள். குளிர் விலகியதும் மொட்டுகள் மெல்ல இளகி, ஒவ்வொன்றாக மணக்கத் தொடங்கும்.